450-ஐ விற்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறது என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. வலி குறைந்ததும் நிறுத்திவிடுவது உன் வழக்கம், தோள்பட்டை விஷயத்தில் அது வேண்டாம். பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எழுதியிருந்ததை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். எனக்கு அதே பழைய முழங்கால் வலிதான். மற்றபடி குறையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் 450 சிசி மோட்டோகிராஸ் வண்டியை, அந்த மண்தடப் பந்தய பைக்கை, விற்கப் போகிறாய், அத்தோடு காட்டுப்பாதைக்கும் கும்பிடு போடப் போகிறாய் என்கிறாய். முதல் முடிவுக்கு எனக்கு முழுச் சம்மதம். இரண்டாவதற்குச் சம்மதமே இல்லை. போனில் நான் ஏர்கூல்டு டிரெயில் பைக், அதாவது காற்றாலேயே இன்ஜின் குளிரும் சாதுவான காட்டுப்பாதை வண்டி, என்று பேச்செடுத்ததும், "அது கற்றுக்குட்டிகளுக்கும் ஓய்ந்துபோனவர்களுக்கும் உள்ள வண்டி" என்றாய். அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீ குறுக்கே பேச முடியாதபடி இதில் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஓர் ஓடையைத் தாண்டி மேலே ஏறும் குறுகலான பாதையில் என் ஏர்கூல்டு வண்டியில் போனேன். கால் வைத்தால் நழுவும் கற்கள், குறுக்கே தடிமனான வேர்கள், ஈரம் வேறு. முதல் கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது முன் சக்கரம் ஒரு வேரில் முட்டி ஏறக்குறைய நின்றே விட்டது. இன்ஜின் வேகம் இறங்கி, ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. கிளட்சின் மேல் ஒரு விரல் இருந்தது, ஆனால் அதை இழுக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மயிரிழை திருப்பினேன், அவ்வளவுதான். பாரவண்டி இழுக்கும் மாடு போல மெதுவாக ஒரு மூச்சு எடுத்து, முன் சக்கரம் வேரின் மேல் ஏறி இறங்கியது. பின் சக்கரமும் சுற்றி வழுக்காமல் அதே தடத்தில் வந்தது. அந்த இடத்தில் உன் 450 என்ன செய்திருக்கும் என்று உனக்கே தெரியும். ஒன்று, ஆஃப் ஆகியிருக்கும். இல்லாவிட்டால் பின் சக்கரம் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு குறுக்கே திரும்பியிருக்கும்.

இதற்குக் காரணம் இன்ஜினின் குணம்தான். உன் வண்டியின் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற கணக்கு) 13-க்கு மேல், திறன் 50 குதிரைத்திறனுக்கு மேல். பந்தயத் தடத்தில் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குப் பாய்வதற்காகச் செய்தது அது. யமஹா டிடி-ஆர்230-ஐ எடுத்துக்கொள். 223 சிசி, காற்றால் குளிரும் இன்ஜின், சிலிண்டருக்கு இரண்டே வால்வ், அழுத்த விகிதம் 9.5. திறன் 20 குதிரைத்திறனுக்கும் கீழே. ஆனால் இருக்கிற இழுவை கீழ் வேகத்திலேயே கைக்குக் கிடைக்கிறது. ஆக்ஸிலேட்டருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு நிதானம் இருக்கிறது. கை கொஞ்சம் நடுங்கினாலும், ஒரு குழியில் விழுந்து மணிக்கட்டு தானாகத் திரும்பினாலும் வண்டி பாய்ந்துவிடாது.

இளவயதில் இந்த நிதானம் நமக்குத் தேவைப்படவில்லை. தப்பான தடத்தில் போனால் ஆக்ஸிலேட்டரை முறுக்கி அதிலிருந்து வெளியே வந்துவிடுவோம். திறன் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். திறன் குறைந்த வண்டியில் அது நடக்காது. பத்தடி முன்னாலேயே எந்தக் கல்லுக்கு இடப்பக்கம் போவது, எந்த வேரை நேராகச் சந்திப்பது, எங்கே உடம்பைப் பின்னுக்குச் சாய்ப்பது என்று பார்த்து முடிவெடுத்தாக வேண்டும். இவ்வளவு வருடம் ஓட்டி நீ சேர்த்த சொத்தே அதுதானே? பலம் குறையும், வேகம் குறையும். பாதையைப் படிக்கிற கண் மட்டும் வயதோடு கூர்மையாகிறது. அந்தக் கண்ணுக்கு நாள் முழுக்க வேலை கொடுக்கிற வண்டி இந்தச் சின்ன வண்டி. 450-இல் உட்கார்ந்தால் உன் கவனத்தில் பாதி அதைப் பிடித்து வைப்பதிலேயே போய்விடுகிறது. அதனால்தான் இதை ஓய்ந்துபோனவர்களின் வண்டி என்று நீ சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அப்புறம் உடம்பு. அதைப் பற்றி மறைக்க நமக்குள் ஒன்றுமில்லை. தசை குறைகிறது, எலும்பு கூடுவதற்கு முன்பைவிட நாளாகிறது. உன் தோள்பட்டை எப்படிப் போனது என்று யோசித்துப் பார். வேகத்தில் போகவில்லை. கிட்டத்தட்ட நின்ற நிலையில், காலை ஊன்றப் பார்த்து, தரை எட்டாமல் சாய்ந்தாய். நம் வயதுக்காரர்கள் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். மோட்டோகிராஸ் வண்டியின் சீட் 95 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கிறது. டிடி-ஆர்230-இல் அது 87. யமஹாவின் டிடபிள்யூ200-இல் 79 வாக்கில்தான். எட்டு சென்டிமீட்டர் என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. சரிவில், ஒரு கால் மேட்டிலும் இன்னொரு கால் பள்ளத்திலும் நிற்கும்போது, விழுவதற்கும் விழாமல் நிற்பதற்கும் உள்ள வித்தியாசமே அதுதான்.

எடையைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மறைத்துவிட்டேன் என்று வரக்கூடாது. இந்த வண்டிகள் லேசானவை அல்ல. டிடி-ஆர்230 பெட்ரோலும் ஆயிலும் சேர்த்து 114 கிலோ வரும். ஹோண்டா சிஆர்எஃப்250எஃப் 120 கிலோ. இன்றைய 450 பந்தய வண்டியும் 110 கிலோவைச் சுற்றித்தான் இருக்கிறது. தூக்கிப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் ஓட்டும்போது லேசாகத் தெரியும். உயரம் குறைவு, சாயத் தொடங்கியதுமே காலால் நிறுத்திவிடலாம், அதனால் தூக்க வேண்டிய வேலையே குறைந்துவிடுகிறது. செல்ஃப் ஸ்டார்ட்டும் சாதாரண விஷயமில்லை. சரிவில் ஆஃப் ஆன வண்டியை ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கிக்கரை மிதித்து மிதித்து நீ மூச்சு வாங்கியதைப் பார்த்தவன் நான். விரலால் ஒரு பட்டனை அழுத்திவிட்டு, அந்தத் தெம்பை அடுத்த மேட்டுக்கு வைத்துக்கொள்ளலாமே.

ஜப்பானில் யமஹா 1985-இல் செரோ என்று ஒரு வண்டியைக் கொண்டுவந்தது. 223 சிசி, தாழ்ந்த சீட். பாய்ந்து போவதற்குப் பதிலாக, இரண்டு கால்களையும் ஊன்றித் தள்ளிக்கொண்டாவது மலைப்பாதையில் ஏறிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் செய்த வண்டி அது. பிறகு 250 சிசியாகி, 2020 வரை அங்கே விற்பனையில் இருந்தது. ஒரு வண்டி முப்பத்தைந்து ஆண்டுகள் நிற்கிறது என்றால், அதை வாங்கியவர்கள் எல்லாரும் கற்றுக்குட்டிகளாக இருந்திருக்க முடியாது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: பராமரிப்பு. உன் 450-இன் கையேட்டில் எல்லாமே மணிக்கணக்கில் இருக்கும். பந்தயத்தில் ஓட்டினால் சில பத்து மணி நேரத்துக்குள் பிஸ்டனையே மாற்றச் சொல்லும். வால்வ் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கேம்ஷாஃப்டைக் கழற்றி, அளவு பார்த்து, சின்னச் சின்ன ஷிம் தகடுகளை மாற்ற வேண்டும். கல்லில் சாய்ந்து ரேடியேட்டர் நசுங்கினால் அன்றைய ஓட்டம் முடிந்தது. ஏர்கூல்டு வண்டியில் ரேடியேட்டரே இல்லை. கூலன்ட் இல்லை, ஹோஸ் இல்லை, வாட்டர் பம்ப் இல்லை. இல்லாத சாமான் உடைவதில்லை.

இதில் வால்வ் இடைவெளியைச் சரிபார்க்கும் டேப்பெட் வேலையை ஒரு காலைப் பொழுதில் நானே செய்துவிடுகிறேன். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். மேலே உள்ள இரண்டு மூடிகளைக் கழற்றி, பிஸ்டன் உச்சிக்கு வரும்படி இன்ஜினைக் கையால் திருப்பி, இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று பார்த்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைக்கிறேன். தகடு லேசாகப் பிடித்துக்கொண்டே நகர வேண்டும், அந்தப் பிடிப்பு விரலுக்குத் தெரியும். நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி, மறுபடி இறுக்கி, இன்னொரு முறை தகட்டை விட்டுப் பார்த்தால் முடிந்தது. பெரும்பாலும் மாற்றவே தேவையிருக்காது.

பராமரிப்பு குறைவு என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதே. ஏர் ஃபில்டரில் சோம்பல் கூடவே கூடாது. புழுதியில் ஓட்டி வந்தால் அந்த ஃபோமைக் கழற்றிக் கழுவி, பிழிந்து முறுக்காமல் அழுத்தி, நன்றாகக் காயவிட்டு, ஃபில்டர் ஆயிலைச் சமமாகத் தடவி மாட்ட வேண்டும். ஆயிலை வேளைக்கு மாற்ற வேண்டும், செயின் தொய்வைப் பார்க்க வேண்டும், ஸ்போக்குகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியாக இருந்து சில வாரம் நிறுத்தப் போகிறாய் என்றால், பெட்ரோல் வரும் வால்வை மூடிவிட்டு, கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்து. இல்லாவிட்டால் பெட்ரோல் காய்ந்து பசையாகி, ஐட்லிங் ஜெட்டின் ஊசித்துளையை அடைத்துவிடும். இந்த ஒரு பழக்கத்தால் தப்பிக்கிற தலைவலி கொஞ்சநஞ்சமல்ல.

இதையெல்லாம் சோம்பேறித்தனத்துக்காகச் சொல்லவில்லை. கருவி பிடிக்க எனக்கு இன்னும் ஆசைதான். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வண்டி ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தால், அடுத்த முறை கிளம்பவே மனம் தயங்கும். உன் 450 ஷெட்டிலேயே நின்றதற்குத் தோள் மட்டும் காரணமில்லை. காலையில் எழுந்து, டயர் காற்றையும் ஆயில் மட்டத்தையும் பார்த்து, பட்டனை அழுத்திக் கிளம்ப முடிகிற வண்டியை மனிதன் அடிக்கடி ஓட்டுகிறான். அடிக்கடி ஓட்டினால்தான் கையும் காலும் பழக்கம் விடாமல் இருக்கும். நம் வயதில் விட்ட பழக்கத்தைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

குறைகளும் இருக்கின்றன. சஸ்பென்ஷன் மெத்தென்று இருக்கும். கற்பாதையில் அது சுகம், ஆனால் வேகமாகப் போய்ப் பள்ளத்தில் இறங்கினால் அடிவரை அமுங்கி இடிக்கும். உன் எடைக்கு முன் ஃபோர்க் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கெட்டியானதாக மாற்றுவது நல்லது. டிடி-ஆர்230-இல் பின்னால் டிரம் பிரேக், நனைந்தால் சற்று நேரம் பிடிப்பு குறையும். தாண்டிக் குதிக்கிற ஆசை இருந்தால் இந்த வண்டி வேண்டாம். ஆழமான மணலில் முன் சக்கரத்தைத் தூக்கி மிதக்கவைக்கும் திறனும் இதில் கிடையாது, அங்கே உன் 450-தான் ராஜா. சைலன்சரை மட்டும் மாற்றித் தொலைக்காதே. அது சத்தமில்லாமல் ஓடுவது பெரிய வரம். சத்தம் அதிகமான வண்டிகளால்தான் பல இடங்களில் பாதைகளை மூடச் சொல்லிக் கேட்கிறார்கள். சத்தம் குறைந்தால் களைப்பும் குறைகிறது, இது என் அனுபவம்.

எதை வாங்குவது என்று கேட்டால், உனக்கு நான் சிஆர்எஃப்250எஃப்-ஐத்தான் சொல்வேன். 2019-இல் வந்த வண்டி, ஏர்கூல்டு, ஃபியூவல் இன்ஜெக்ஷன், அதனால் கார்புரேட்டர் தொல்லை இல்லை. பேட்டரியை மட்டும் பார்த்துக்கொள், அதில் கிக்கர் கிடையாது. டிடி-ஆர்230 இன்னும் எளிமை. 2005-இலிருந்து பெரிய மாற்றமில்லாமல் வருவதால் பழையதாக வாங்கினாலும் பயமில்லை. டிடபிள்யூ200-இன் பருத்த டயர் மென்மையான தரையில் அருமையாகப் போகும், ஆனால் நெருக்கமான கற்களுக்கு நடுவே எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கவாசாகி கேஎல்எக்ஸ்230ஆர் நல்ல வண்டி, சுறுசுறுப்பும் கூடுதல், ஆனால் சீட் உயரம். உன் தோள் முழுதாகத் தேறும்வரை அந்தப் பக்கம் போகாதே.

450-ஐ வாங்க வருகிறவரிடம் பிஸ்டன் கடைசியாக எப்போது மாற்றியது, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைக் கேட்காமலே சொல்லிவிடு. ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் காப்பு எதையும் அதோடு சேர்த்துக் கொடுத்துவிடாதே. டாக்டர் சரி என்றதும் இங்கே வா. நான் ஓட்டும் வண்டியையே தருகிறேன், சமதரையில் தொடங்கி அந்த ஓடைப் பாதை வரைக்கும் உன் வேகத்திலேயே போகலாம். நான் முன்னால் நடந்து போய்க் கற்களைக் காட்டுகிறேன். பூட்ஸ் மட்டும் உன்னுடையதைக் கொண்டு வா, என்னுடையது உனக்குச் சேராது.

எந்த வாரம் தோதுப்படும் என்று எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்