கசிவும் கணக்கும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. பார்வை திரும்பியதும் முதல் வேலையாக, உங்கள் நகராட்சி கட்டப்போகும் புதிய மேல்நிலைத் தொட்டியைப் பற்றி என்னிடம் கருத்துக் கேட்டிருக்கிறாய். குடிநீர்ப் பிரிவிலேயே காலம் கழித்தவனிடம் இதைக் கேட்டால் பதில் நீளும் என்பது உனக்குத் தெரியாததன்று.

தொட்டி இருக்கட்டும். இப்போது ஏற்றும் நீரில் எவ்வளவு வீடுகளுக்குப் போய்ச் சேருகிறது என்று யாராவது அளந்திருக்கிறார்களா? நான் வேலை பார்த்த ஊரில் பம்பு ஓடிய நேரத்தை வைத்துத்தான் கணக்கு எழுதினோம். வீடுகளில் மீட்டர் கிடையாது. இடையில் காணாமல் போன நீர் மண்ணுக்குள் போனதா, திருட்டு இணைப்பில் போனதா என்று சொல்ல எங்களுக்கு வழியே இருந்ததில்லை.

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னின் கதையை உனக்குச் சொல்ல வேண்டும். 1993இல் எக் சோன் சான் அந்நகரக் குடிநீர் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றபோது, சுத்திகரித்து அனுப்பிய நீரில் 72 விழுக்காட்டுக்குப் பணம் வரவில்லை. நாளில் பத்து மணி நேரமே குழாயில் நீர் வந்தது. போரில் சீரழிந்த பழைய குழாய்களின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவர் மண்ணைத் தோண்டுமுன் பதிவேட்டைத் தோண்டினார். வீடு வீடாக எடுத்த கணக்கில், ஏட்டில் மட்டும் இருந்த வாடிக்கையாளர்களும், ஏட்டில் ஏறாமலே நீர் பெற்றவர்களும் ஏராளமாக அகப்பட்டார்கள். திருட்டு இணைப்புகளில் சொந்த ஊழியர்களின் கையும் இருந்தது. கட்டணம் செலுத்தாத இராணுவத் தளபதி ஒருவரின் இணைப்பைத் துண்டிக்கப் போனபோது தன் தலையில் துப்பாக்கி வைக்கப்பட்டதாக எக் சோன் சானே சொல்லியிருக்கிறார். ஆயுதம் ஏந்தியவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு திரும்பிப் போய்த் துண்டித்தாராம். நம் பொறியாளர்களில் எத்தனை பேர் திரும்பிப் போயிருப்போம்? நான் போயிருக்க மாட்டேன்.

குழாய்களை மாற்ற ஜப்பானும் பிரான்சும் உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் உதவின. வலையமைப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கண்காணிக்கும் முறையை ஜப்பானின் கிட்டக்கியூஷூ நகரத்தார் அமைத்துக் கொடுத்தார்கள். 2010 வாக்கில் இழப்பு ஏறத்தாழ 6 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. நீரும் நாள் முழுவதும் வந்தது.

அந்தக் கடைசிச் செய்தியைத்தான் நம்மவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கசிவை அடைத்தபின் கிடைக்கும் பரிசாக மட்டும் 24 மணி நேர விநியோகத்தைப் பார்க்கிறார்கள். கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியும் அதுவே. ஊர் உறங்கும் இரவு இரண்டு மணிக்கு ஒரு பகுதிக்குள் நுழையும் நீரை அளந்தால், அதில் பெரும்பங்கு கசிவுதான். நமக்கோ அந்நேரத்தில் குழாய் காலியாகக் கிடக்கிறது. காலிக் குழாய் விரிசல் வழியே சாக்கடை நீரை உள்ளே இழுக்கிறது. மறுநாள் வால்வைத் திறந்ததும் காற்றும் நீரும் மோதி இணைப்புகளைத் தளர்த்துகின்றன. ஊர் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. நானூறு ஐந்நூறு வீடுகளைத் தனியாகப் பிரித்து, நுழைவாயிலில் ஒரு மீட்டர் வைத்துத் தொடங்கினாலே போதும்.

சாலையில் பீய்ச்சியடிக்கும் உடைப்பு மறுநாளே அடைபடும். பிரதானக் குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரியும் இணைப்பில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகினால் யாருக்கும் தெரியாது. நாளுக்கு 1,440 லிட்டர், அதாவது தலைக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் பத்துப் பேரின் பங்கு. அப்படி ஒழுகும் ஒன்று ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

தை மாதம் உன் ஊருக்கு வரலாம் என்றிருக்கிறேன். கசிவின் ஓசையைக் காதில் வைத்துக் கேட்கும் என் பழைய இரும்புக் கோல் பரணில்தான் கிடக்கிறது, எடுத்து வருகிறேன். உன் தெருமுனையில் சித்திரையிலும் காயாத அந்த ஈரத்தை இருவருமாகப் பார்ப்போம். உங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள் என்று மட்டும் வால்வு திறப்பவரிடம் கேட்டு வை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்