செம்மண் காட்டுக்கு ஏத்த சைக்கிளை நம்ம பட்டறையிலயே கட்டலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல ஃபேட் பைக் பத்தி வந்த கட்டுரைய முழுசா படிச்சேன். அதுல ரெண்டு விஷயம் அழுத்திச் சொல்லியிருந்தீங்க, ஒண்ணு இந்த தடி டயர் சைக்கிள் எல்லாம் பசங்க பந்தாவுக்கு ஓட்டுறது, இன்னொண்ணு ஸ்டீல் பிரேம்னா கனம், துரு, அந்தக் காலத்து சமாச்சாரம், இனிமே அலுமினியம்தான்னு. ரெண்டுமே சரியில்லைங்க ஐயா. நான் கோட்டையூர் பக்கம் லேத்தும் வெல்டிங்கும் வச்சிருக்கேன், சொந்தமா ஸ்டீல்ல ஃபேட் பைக் கட்டி காட்டுப்பாதையில ஓட்டிக்கிட்டும் இருக்கேன், அதனால படிச்சுட்டு சும்மா இருக்க மனசு வரல.

முதல்ல இந்த சைக்கிள் எங்க இருந்து வந்துச்சுன்னு பாருங்க. எந்தக் கம்பெனியும் ஆபீஸ்ல உக்காந்து யோசிச்சு கொண்டாந்தது இல்ல. அலாஸ்காவுல 1987-ல இடிடாபைக்னு பனியில ஒரு சைக்கிள் ரேஸ் ஆரம்பிச்சாங்க, சாதா டயர் பனியில புதைஞ்சு புதைஞ்சு நிக்குது, பாதி தூரம் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்ங்கற நிலைமை. அங்க உள்ள ஆளுங்க என்ன பண்ணாங்கன்னா ரெண்டு ரிம்மை ஒட்டி வச்சு வெல்டு அடிச்சு ஒரே அகல ரிம்மா ஆக்கி ஓட்டிப் பாத்தாங்க. சைமன் ராகோவர்ங்கறவர் 44 மி.மீ. அகலத்துல ஸ்னோகேட்னு ரிம்மே தனியா பண்ணாரு. தெக்க நியூ மெக்சிகோ பாலைவனத்துப் பக்கம் ரே மொலினான்னு ஒருத்தர் மணல்ல ஓட்டுறதுக்குன்னே 80 மி.மீ. பக்கம் அகலமான ரிம்மும் மூணரை இஞ்சு டயரும் கொண்டாந்தாரு. இதெல்லாம் சேந்துதான் 2005-ல சர்லி கம்பெனி பக்ஸ்லின்னு கடையில விக்கிற மாதிரி ஒரு ஃபேட் பைக் போட்டாங்க, அந்த பிரேம் எதுல பண்ணதுன்னு நினைக்கிறீங்க, 4130 குரோமோலிங்கற கலப்பு ஸ்டீல்லதான். ஆக இது பட்டறையில பிறந்த வண்டி, ஸ்டீல்ல பிறந்த வண்டி. பந்தாங்கறது பின்னால வந்து ஒட்டிக்கிட்டது.

நம்ம ஊருல பனி எங்க இருக்குன்னு கேப்பீங்க. மண்ணு இருக்கே! காரைக்குடில இருந்து கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர்னு தார் ரோட்டை விட்டு இறங்கிப் பாருங்க, மேல மாவு மாதிரி செம்மண் புழுதி, அதுக்கு அடியில சரளை, நடுநடுவுல செம்புறாங்கல்லு தலை நீட்டிக்கிட்டு இருக்கும். தைலமரக் காட்டுக்குள்ள போனா காஞ்ச எலையும் சுள்ளியும் கணுக்கால் உயரம். கோடையில கண்மாய் உள்வாய் வெடிப்பு விட்டுக் கெடக்கும், தேவகோட்டைப் பக்கம் விருசுழி ஆத்துல தண்ணி இல்லாத நாள்ல மணல் மட்டும்தான். இதுல ஒண்ணே முக்கால் இஞ்சு டயர் சைக்கிளை எறக்குனா முன் வீல் மணல்ல குத்தி நின்னுடும், ஆளு மட்டும் முன்னால போவாரு.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஆளும் வண்டியுமா சேந்து 95 கிலோன்னு வைங்க, அது 209 பவுண்டு. டயர்ல 40 பிஎஸ்ஐ காத்து, அதாவது ஒரு சதுர இஞ்சுக்கு 40 பவுண்டு அழுத்தம், இருந்தா ரெண்டு டயரும் சேந்து தரையத் தொடுற இடம் ஏறக்குறைய 5 சதுர இஞ்சுதான், அம்புட்டு எடையும் அந்தத் துண்டு இடத்துல இறங்குது, மண்ணு தாங்குமா? அதே எடைக்கு 4.8 இஞ்சு தடி டயர்ல காத்தை 8 பிஎஸ்ஐக்கு இறக்கிட்டா 26 சதுர இஞ்சு தரையப் பிடிக்கும். மணல் மேல ஏறிப் போகும், சரளையில வழுக்காது, வேர், கல்லுன்னு எது வந்தாலும் டயரே வளைஞ்சு குடுத்து வாங்கிக்கும், ஷாக் அப்சார்பர் இல்லாமலே ஓட்டலாம். இதே காத்தை சாதா டயர்ல வச்சா ரிம்மு கல்லுல அடிச்சு நெளிஞ்சிடும். அகலம் இருக்கறதாலதான் கம்மி காத்துல ஓட முடியுது, பாக்க குண்டா இருக்கறதுக்காக இல்ல.

ஆனா ஒண்ணு, உங்க கட்டுரைல படம் போட்டிருந்த மாதிரி வண்டிங்க கடையில நிறைய வருது, அதை வச்சுப் பாத்தா உங்க நிருபர் சொன்னதுல தப்பும் இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் மகனுக்கு அப்படி ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு, காட்டுக்குள்ள ஓட்ட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே பின் ஆக்சில் வளைஞ்சு எங்கிட்ட வந்துச்சு. கழட்டிப் பாத்தா விஷயம் தெரிஞ்சு போச்சு. பின் ஹப்புல, அதாவது வீலோட நடுக்குடத்துல, பழைய மாதிரி திருகி மாட்டுற ஃப்ரீவீல் பல்சக்கரம். அந்த டிசைன்ல வலது பக்க பேரிங் பல்சக்கரத்துக்கு உள்ள தள்ளி உக்காரும், பேரிங்ல இருந்து பிரேம் வரைக்கும் ஆக்சில் ஒரு பிடிமானமும் இல்லாம நீட்டிக்கிட்டு இருக்கும், ஃபேட் பைக் ஹப்பு வேற அகலம், ஒரு பள்ளத்துல விழுந்தா வளையாம என்ன செய்யும். பல்சக்கரம் ஹப்பு மேலயே சொருகி நிக்கிற கேசட் ஹப்புன்னா பேரிங் கடைசி முனைக்கிட்டயே இருக்கும், இந்தத் தொல்லை வராது. வாங்குறவங்க டயரைப் பாக்காம பின் ஹப்பைக் கேட்டு வாங்குங்க, இதை உங்க பேப்பர்ல பெரிய எழுத்துல போட்டா கூட நல்லது.

இப்ப ஸ்டீல் விஷயம். கனம்னு எழுதியிருக்கீங்க. 4130-ங்கறது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல், குரோமியம் ஒரு சதவீதம் அளவுக்கு, மாலிப்டினம் அதுல அஞ்சுல ஒரு பங்கு, அம்புட்டுதான் சேக்குறாங்க, ஆனா சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) குழாயைவிட ஒன்றரை மடங்குக்கு மேல பலம் வந்துடும். அதனால குழாய் சுவரை மெலிசாக்கலாம். நல்ல குழாய்னா ரெண்டு முனையில 0.9 மி.மீ., நடுவுல 0.6 மி.மீ., வெல்டு வைக்கிற இடத்துல மட்டும் கெட்டி. அப்படிப் பண்ண ஃபேட் பைக் பிரேம் மூணு கிலோவுக்கு முன்னப்பின்ன வரும், இதையா கனம்னு சொல்றீங்க.

அலுமினியம் நல்ல உலோகம்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா 6061 அலுமினியத்தை வெல்டு அடிச்சா அந்த இடம் தொய்ஞ்சு போயிடும், பழைய பலம் வரணும்னா பிரேமையே அடுப்புல வச்சு 530 டிகிரி பக்கம் சூடேத்தி, தண்ணியில அமுக்கி, திரும்ப கம்மி சூட்டுல மணிக்கணக்கா வைக்கணும், அந்த அளவு அடுப்பு இங்க எந்தப் பட்டறையில இருக்கு? காட்டுக்குள்ள பிரேம் விரிசல் விட்டா அலுமினியத்தை தூக்கிப் போட வேண்டியதுதான். ஸ்டீல்னா புதுவயல்ல ரைஸ் மில்லுக்கு எலிவேட்டரும் ஹாப்பரும் கட்டிக் குடுக்கிற வெல்டர் அண்ணன் ஒருத்தரே ஒட்டிக் குடுத்துடுவாரு. இன்னொண்ணு, தாங்கக்கூடிய அளவுக்குள்ள இருக்கற வரைக்கும் ஸ்டீல் எத்தனை லட்சம் தடவை குலுங்குனாலும் களைச்சுப் போகாது, அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லையே கிடையாது, சின்னச் சின்னக் குலுக்கலும் கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும்.

கட்டுறது கஷ்டமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. எல்லாரும் வெல்டிங்கதான் பெரிய வேலைன்னு நினைக்கிறாங்க, பாதி வேலை அரத்துலதான் இருக்குங்க. பிளைவுட்ல முழு அளவுக்கு பிரேமை வரைஞ்சுக்கணும், அப்புறம் ஒவ்வொரு குழாய் முனையையும் அது போய் உக்கார்ற குழாயோட வளைவுக்கு ஏத்தபடி வெட்டி, ஹாஃப் ரவுண்ட் அரத்துல ராவி ராவி, ரெண்டையும் சேத்து வச்சு பின்னால டார்ச் அடிச்சா துளி வெளிச்சம் தெரியக்கூடாது. இடைவெளி விட்டுட்டு வெல்டுல ரொப்பிக்கலாம்னு நினைச்சா 0.9 மி.மீ. சுவர் ஓட்டை விழுந்துடும். டங்ஸ்டன் முனையில பொறி விட்டு ஒட்டுற டிக் வெல்டிங், காத்து படாம காக்க ஆர்கான் கேஸ், குழாய்க்கு உள்ளயும் ஆர்கான் விடணும் இல்லைன்னா உள்பக்கம் கருகும். ஒரே இடத்துல சுத்தி அடிக்காம இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம்னு மாத்தி மாத்தி அடிக்கணும், சூடு ஒரு பக்கம் இழுத்துச்சுன்னா பிரேம் கோணிடும். முடிச்சதும் ஹேண்டில் தண்டு நுழையற ஹெட் டியூப்ல இருந்து பின் வீல் மாட்டுற முனை ரெண்டுக்கும் நூல் பிடிச்சு, சீட் டியூப்புக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி ஒண்ணா இருக்கான்னு பாக்கணும்.

இதுல ஃபேட் பைக்குக்குன்னு ஒரு தலைவலி இருக்கு, அதைத் தீத்துட்டா மீதி எல்லாம் சாதா சைக்கிள் மாதிரிதான். பெடல் அச்சுக்குப் பின்னால வலது பக்கம் ஒரு கை அகல இடத்துல டயர், செயின், பல்சக்கரம், பெடல் அச்சுல இருந்து பின் வீலுக்குப் போற அந்தப் பக்கத்து செயின்ஸ்டே குழாய் நாலும் வந்து நிக்கும். டயர் மட்டுமே 12 செ.மீ. பக்கம், சேறு ஒட்டுனா உரசாம இருக்க பக்கத்துக்கு 6 மி.மீ.யாவது விடணும். அதனாலதான் சாதா மவுண்டன் பைக்ல 73 மி.மீ. இருக்கற பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் அச்சு உக்கார்ற குழாய், இதுல 100 மி.மீ., பின் ஹப்பு 135-க்கு பதில் 197 மி.மீ. வரைக்கும் போகுது. அப்படியும் குழாய் நுழைய இடம் பத்தல, அந்த இடத்துல மட்டும் குழாயை விட்டுட்டு 10 மி.மீ. ஸ்டீல் பிளேட்டை கொக்கி மாதிரி அறுத்து வச்சு அதுல குழாயை ஒட்டுறதுதான் வழி. என் வண்டியில அப்படித்தான் இருக்கு. முன் ஃபோர்க் அளவை முதல்லயே முடிவு பண்ணிடணும், 20 மி.மீ. உயரம் கூடுனா ஹெட் ஆங்கிள், அதாவது ஹெட் டியூப் நிக்கிற சாய்வு, ஒரு டிகிரி சாயும், ஹேண்டில் பிடிக்கிற தன்மையே மாறிடும்.

டயர்ல டியூப் போடாதீங்கன்னு கட்டாயம் சொல்லணும். நம்ம பக்கம் சீமைக்கருவேல முள்ளு இல்லாத ஒத்தையடிப் பாதை உண்டா? டியூப்லெஸ் டேப் ஒட்டி உள்ள சீலன்ட் பால் ஊத்திட்டா முள்ளு ஏறுன ஓட்டையை அதுவே அடைச்சுக்கும்.

துருவைப் பத்தி எழுதுனது எனக்கு ரொம்பவே வருத்தங்க, அதுவும் காரைக்குடிக்காரங்க படிக்கிற பேப்பர்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து, 1948-ல நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல திறந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்ம ஊருலதான் இருக்கு, உலோகம் ஏன் அரிக்குது எப்படித் தடுக்கறதுன்னு ஆராய்ச்சி பண்றது அவங்க முக்கியமான வேலைகள்ல ஒண்ணு. சைக்கிள் பிரேம் துருப்பிடிக்கிறது பெரும்பாலும் உள்ள இருந்துதான், சீட் போஸ்ட் வழியா தண்ணி இறங்கி பாட்டம் பிராக்கெட்ல தேங்கும். அடியில ஒரு சின்ன ஓட்டை போட்டு தண்ணி வடிய விடுங்க, வெளிய பவுடர் கோட்டிங் அடிச்சு முடிச்ச பின்னாடி குழாய்க்குள்ள காய்ச்சின லின்சீடு ஆயில் ஊத்தி உருட்டி எல்லாப் பக்கமும் படவச்சு வடிச்சுடுங்க. நம்ம வீடுகள்ல தாத்தா காலத்து சைக்கிள் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கே, அதெல்லாம் எது, எம்.எஸ். ஸ்டீல்தானே.

சைக்கிள்ங்கறது நம்ம மண்ணுக்குப் புதுசும் இல்ல. 1949-ல டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பிச்ச முருகப்பா குடும்பம் பள்ளத்தூர்க்காரங்க, அம்பத்தூர்ல ஹெர்குலிஸ், பிஎஸ்ஏன்னு போட்டாங்க, 1955-ல ஆவடியில குழாய்க்குன்னே தனி தொழிற்சாலை. பள்ளத்தூருக்கும் எங்க பட்டறைக்கும் எம்புட்டு தூரம், ஆனா இங்க ஒரு இடத்துலயும் சைக்கிள் பிரேம் கட்டச் சொல்லிக் குடுக்கறது இல்ல. ஐடிஐ, பாலிடெக்னிக் பசங்க வெல்டிங் பழகுறப்ப ரெண்டு பிளேட்டை ஒட்டி மார்க் வாங்கிட்டு பழைய இரும்புல போடுறாங்க. அதுக்கு பதிலா ஒரு வகுப்புக்கு ஒரு பிரேம் கட்டச் சொல்லலாமே. குழாய் வெட்டுறது, அளவு பாக்குறது, மெல்லிசு சுவர்ல டிக் அடிக்கறது, நேரா இருக்கான்னு சரிபாக்குறது எல்லாம் அதுலயே வந்துடும். முதல் பிரேமை எம்.எஸ். குழாய்ல பண்ணிப் பழகட்டும், அப்புறம் 4130-க்கு போகலாம், இன்ஜினியரிங் காலேஜ் பசங்க காட்டுப்பாதை வண்டி தாங்களே கட்டி ஓட்டுற பாஜா போட்டிக்கு அந்தக் குழாயைத்தான் வாங்குறாங்க, நாட்டுல கிடைக்காத பொருள் இல்ல. அதுல சுவர் கெட்டியா இருக்கும், கனம் கொஞ்சம் கூடும், பழகறதுக்கு அது போதும். ஹப்பு, கிராங்க், டயர் மட்டும் வெளிய இருந்து வரணும், செலவு அங்கதான் போகும், மறைக்க விரும்பல.

ஓட்டுற தம்பிங்களுக்கும் ஒரு வார்த்தை. ஐப்பசி கார்த்திகையில கண்மாய்க் கரை ஊறிப் போய் இருக்கும், அப்ப கரை மேல ஏறாதீங்க, தடி டயரா இருந்தாலும் தடம் விழுந்தா அதுல தண்ணி ஓடி கரை அறுக்கும், அது விவசாயிங்க வயித்துல அடிக்கறது. கோயில்காட்டுக்குள்ள சைக்கிளை விடாதீங்க. வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்ப் பக்கம் பறவைங்க வந்திருக்கற சீசன்ல போகவே வேணாம், அந்த ஊர்க்காரங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடியே போடறது இல்ல, நாம போய் சத்தம் போடலாமா.

ஐயா, உங்க நிருபர் தம்பி எந்த நாள் வேணும்னாலும் பட்டறைக்கு வரட்டும், பிரேமைத் தராசுல ஏத்திக் காட்டுறேன், அவரே எட்டு பிஎஸ்ஐல கண்மாய் உள்வாய்ல ஓட்டிப் பாக்கட்டும். ஐடிஐ முதல்வர்கள் யாராவது சம்மதிச்சா நானும் எங்க ஊர் வெல்டர்கள் ரெண்டு பேரும் சனிக்கிழமை வந்து காசு வாங்காம சொல்லித் தர்றோம், குழாய்களை அசையாம பிடிச்சு வைக்கிற ஜிக்கும் நாங்களே கொண்டு வர்றோம். இந்த விஷயத்தை மட்டும் அடுத்த வாரம் போட்டுடுங்க.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர்,
கோட்டையூர், காரைக்குடி வழி.