கோடை மதியத்தில் ஓட்டிப் பார்த்துத் தாருங்கள்: கேமிங் கணினி கட்டித் தரும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ரிச்சி தெருவிலும், கோவை, மதுரை, திருச்சி என மற்ற ஊர்களிலும் உயர்ரக கேமிங் கணினிகளை அசெம்பிள் செய்து விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம்.

ஆர்டிஎக்ஸ் 4090, 5090 போன்ற என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளுக்கு மட்டுமே வாடிக்கையாளர் லட்சக்கணக்கில் கொடுக்கிறார். பில்லில் "ஓவர்கிளாக் செய்யப்பட்டது" என்று, அதாவது கார்டின் வேகத்தைக் குறித்த அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறோம் என்று, ஒரு வரியும் பல இடங்களில் சேர்கிறது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். வேகத்தை எழுதும் இடத்திலேயே, எத்தனை டிகிரி அறையில், எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தீர்கள், அப்போது மெமரி எவ்வளவு சுட்டது என்பதையும் எழுதித் தாருங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஏன் என்பதற்குக் கணக்கு எளிது. எந்த ஹீட்சிங்கும் (சூட்டை வெளியேற்றும் உலோக இதழ்கள்) கார்டை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்காது; காற்றுக்கும் கார்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கட்டுக்குள் வைக்கும். உங்கள் கடையின் ஏசியில், 24 டிகிரியில், கோர் (கார்டின் முக்கியச் சில்லு) 66, மெமரி 86 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 42, 62. அதே கணினி மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள 37 டிகிரி அறைக்குப் போகிறது. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினால் கோர் 79, மெமரி 99. 4090-இல் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியை நெருங்கினால் கார்டு தானாகவே வேகத்தை இறக்கிவிடும். 3090 இன்னும் மோசம்: அதன் 24 மெமரி சில்லுகளில் 12 பலகையின் பின்பக்கம் இருக்கின்றன, அங்கே ஃபேன் காற்று நேராகப் படுவதில்லை. போதாததற்கு, 600 வாட் இழுக்கும் கணினி அந்த 600 வாட்டையும் வெப்பமாக அறைக்குள்ளேயே கொட்டுகிறது. ஒரு டன் ஏசியின் திறனே ஏறக்குறைய 3,500 வாட்தான். அதில் ஆறில் ஒரு பங்கு கணினிக்கே போய்விடும். ஏசி இல்லாத, கதவு சாத்திய அறையில் ஒரு மணி நேரம் விளையாடினால் 37 என்பதும் நிற்காது.

என்விடியா கார்டுகள் சூடு ஏற ஏறத் தங்கள் பூஸ்ட் வேகத்தை (தானாகவே கூட்டிக்கொள்ளும் வேகத்தை) 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாகக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் ஏற்றிக் கொடுத்த 150 மெகாஹெர்ட்ஸில் ஒரு பகுதி மதியமே கரைந்துவிடும். அது பரவாயில்லை. கடையில் நிலையாக இருந்த அதே வேகம், அதே மின்னழுத்தத்தில், சூட்டில் தடுமாறி டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) விழுவதுதான் பெரிய தொந்தரவு. திரை ஒரு நொடி கறுத்து, கேம் மூடிக்கொள்ளும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு டிரைவர் பதில் தரவில்லை என்று பதிவாகும். வாடிக்கையாளர் கார்டு பழுது என்று நினைத்துத் தூக்கி வருவார். உங்கள் ஏசியில் மறுபடி ஓட்டினால் ஒன்றும் ஆகாது. தலைகீழாகவும் நடக்கும்: கார்டு இன்னும் சூடேறாத முதல் சில நிமிடங்களில் பூஸ்ட் இரண்டு படி மேலே ஏறி அங்கே விழும். எனவே சில்லென்று இருக்கும்போதும் நன்றாகச் சூடேறிய பிறகும், இரண்டு முறை சோதிக்க வேண்டும்.

எங்கள் கருத்து நேரடியானது. நம் ஊர் வெப்பத்துக்கு விற்க வேண்டியது அண்டர்வோல்ட், அதாவது கோருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைப்பது. ஓவர்கிளாக் அதற்கு அப்புறம். 4090-இன் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கக்கூடிய மின்சார வரம்பை) 450-இலிருந்து 600 வாட்டுக்குத் தள்ளினாலும் கேமில் கிடைப்பது ஒற்றை இலக்கச் சதவீதம். எதிர்த்திசையில், லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கினால் இழப்பதும் பெரும்பாலான கேம்களில் அவ்வளவே. மின்செலவு வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறுகிறது. வேகம் மாறாமல் 1.05 வோல்ட்டை 0.95 ஆக்கினால், கோர் உழைக்கும்போது எரிக்கும் மின்சாரத்தில் 18 சதவீதம் மிச்சம்.

செய்முறை: எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கன்ட்ரோலையும் எஃப்-ஐயும் சேர்த்து அழுத்தினால் மின்னழுத்த வளைவு திறக்கும். 4090 என்றால் 950 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 2,550 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்கு வலப்பக்கம் உள்ள பகுதி முழுவதையும் ஷிஃப்ட் அழுத்தித் தேர்ந்தெடுத்து, அந்தப் புள்ளிக்குக் கீழே இழுத்துவிட்டு அப்ளை கொடுங்கள். வளைவு அங்கிருந்து தட்டையாகிவிடும். பிறகு 15, 15-ஆக ஏற்றிச் சோதியுங்கள். எங்கே விழுகிறதோ அங்கிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் பின்வாங்கி அதோடு நிறுத்துங்கள். 2,600-ஐத் தாண்டும் சில்லும் உண்டு, அங்கேயே திணறும் சில்லும் உண்டு. ஒரு கார்டில் எடுத்த எண்ணை அடுத்த கார்டுக்கு அப்படியே போடாதீர்கள். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் "எஃபெக்டிவ் கிளாக்" (உண்மையில் ஓடும் வேகம்) என்ற வரியையும் பாருங்கள். 2,600 கேட்டு அது 2,500 காட்டினால், திரையில் தெரியும் வேகம் வெறும் பெயருக்குத்தான். சோதனை முடியும்வரை "விண்டோஸோடு தொடங்கு" என்பதை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் தவறான வளைவு ஒவ்வொரு முறையும் தானே ஏறி, விண்டோஸ் திறந்ததும் மறுபடி விழலாம்.

மெமரியை ஏற்றும்போது ஒரு சூட்சுமம். ஜிடிடிஆர்6எக்ஸ் பிழையைக் கண்டுபிடித்து அதே தரவை மறுபடி அனுப்பும். ஆகவே அளவு மீறினாலும் உடனே விழாது. ஃபிரேம் எண்ணிக்கை மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். "+1500 போட்டும் ஒன்றும் ஆகவில்லை" என்பது சான்று ஆகாது. 100, 100-ஆக ஏற்றி, ஒவ்வொரு முறையும் பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) புள்ளியை எழுதி, அது ஏறுவது நிற்கும் இடத்துக்கு முன்பே நிறுத்துங்கள். ஏசி இல்லாத அறைக்குப் போகும் கணினி என்றால் மெமரியைத் தொடவே வேண்டாம்.

ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதை விட்டுவிடுங்கள். அது கார்டைப் பவர் லிமிட்டில் முட்டவைத்து வேகத்தைக் கீழே அமுக்கிவிடுகிறது. நீங்கள் சோதிக்க வேண்டிய உயர் வேகத்தை அது எட்டுவதே இல்லை. த்ரீடிமார்க் ஸ்பீட் வே ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டை 20 சுற்று, ஃபிரேம் நிலைத்தன்மை 97 சதவீதத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். பிறகு ரே டிரேசிங் உள்ள ஒரு கேமை ஒரு மணி நேரம். கேபினட் முழுவதும் சூடேறவே அரை மணி ஆகும். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்த எண் செல்லாது. ஒரு மணி நேரமாவது ஏசியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

கேபினட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு, ஓரத்தில் விரல் இடுக்கு அளவு காற்றுவழி விட்ட பெட்டியில் 450 வாட் கார்டை வைப்பது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது போல. வண்ண விளக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், முன்பக்கம் வலை இருக்கட்டும். உள்ளே இழுக்க மூன்று ஃபேன், வெளியே தள்ளப் பின்னால் ஒன்று, மேலே ஒன்று. இழுப்பது தள்ளுவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் தூசி வடிகட்டி வழியாக மட்டுமே காற்று வரும். கார்டைக் கண்ணாடியை ஒட்டி நிமிர்த்தி மாட்டினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஃபேனுக்குக் காற்று கிடைக்காது. இன்னொன்று: தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரைக் கணினிக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஈரக்காற்றும் தூசியும் சேர்ந்து ஹீட்சிங்க் இதழ்களுக்கு நடுவே கூழாகப் படியும்.

இனி, நீங்கள் கைவைத்துச் சரிபார்க்க வேண்டிய இடம்: 16 முனை பவர் கனெக்டர். 600 வாட் என்றால் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர். அது 12 வோல்ட் கொண்டுவரும் ஆறு முனைகளில் சமமாகப் பிரிந்தால் முனைக்கு 8.3 ஆம்பியர், தாங்கும் அளவு ஏறக்குறைய 9.5. கையிருப்பு அவ்வளவு குறைவு. 4090-இல் ஆறு கம்பிகளும் கார்டுக்குள் நுழைந்ததும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால், ஒரு கம்பியில் மட்டும் அளவு மீறிப் பாய்ந்தாலும் கார்டுக்குத் தெரியாது. கனெக்டர் முழுதாக உள்ளே போகாமல் இருப்பதும், வாயருகிலேயே கேபிளை மடக்குவதும் உருகுவதற்கு முக்கிய வழிகள். கார்டைக் கேபினட்டில் மாட்டுமுன், வெளியே வைத்தே கனெக்டரை நேராக அழுத்துங்கள். இடைவெளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் 35 மில்லிமீட்டருக்கு வளைவே கூடாது. பக்கக் கண்ணாடி கேபிளை அமுக்குகிறது என்றால் அந்தக் கேபினட் அந்தக் கார்டுக்கு ஆகாது. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில் அல்லது அதற்குப் பிந்தியதாக, அதனுடன் வந்த கேபிளோடு இருக்கட்டும். வேறு பிராண்டு கேபிள் வாயில் பொருந்தினாலும் மறுமுனையில் கம்பி வரிசை மாறியிருக்கலாம். கார்டு ஒரே நொடியில் போய்விடும். 30 வரிசைக் கார்டுகள் மில்லிநொடிக் கணக்கில் தங்கள் வாட் அளவைத் தாண்டித் துள்ளும். 3090-ஐ 650 வாட் எஸ்எம்பிஎஸ்-இல் மாட்டினால் காரணமில்லாமல் அணைந்துபோவது அதனால்தான்.

யுபிஎஸ் விற்கும்போது விஏ எண்ணைச் சொல்லி விற்காதீர்கள், வாட்டைச் சொல்லுங்கள். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட். 1,100 விஏ என்பது 660. கார்டு 450, பிராசஸரும் மற்றவையும் 150, எஸ்எம்பிஎஸ் இழப்பு, மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் 700-ஐத் தொடும். கரண்ட் போன அதே நொடியில் யுபிஎஸ்-உம் போகும். அண்டர்வோல்ட் செய்து கார்டை 350 வாட்டை ஒட்டி வைத்தால் மொத்தம் 600-க்குள் அடங்க வாய்ப்பு உண்டு. ஆனாலும் இந்த வகைக் கணினிக்கு 1,500 முதல் 2,000 விஏ வரை, ப்யூர் சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை) யுபிஎஸ் கொடுப்பதே முறை. போலி சைன் வேவ் தரும் யுபிஎஸ்-இல் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்கள் சில சமயம் நின்றுவிடும். எர்த் இல்லாத பிளக்கில் மாட்டினால் கேபினட்டைத் தொடும்போது சுருக்கென்று இழுக்கும். இதையும் பில்லோடு சொல்லி அனுப்புங்கள்.

சர்வீசுக்கு வரும் கார்டுகளுக்கு வருவோம். கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (சில்லில் அதிகம் சுடும் புள்ளி) 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 25-ஐத் தாண்டினால் சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசிய பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது அல்லது ஹீட்சிங்க் சாய்வாக அமர்ந்திருக்கிறது. 50 வரிசையில் ஹாட்ஸ்பாட் எண்ணையே மென்பொருளில் காட்டுவதில்லை. அங்கே, புதிதில் எடுத்த கோர் வெப்பமும் ஃபேன் வேகமும் உங்களிடம் எழுத்தில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். மூடியில்லாத பெரிய சில்லில், 4090-இன் சில்லு 600 சதுர மில்லிமீட்டருக்கும் மேல், சாதாரணப் பேஸ்ட் சூடாகிக் குளிர்ந்து சூடாகி வெளியே பிதுங்கும். பேஸ்ட்டை மாற்றி மாற்றிப் பூசுவதைவிட பிடிஎம்7950 போன்ற, சூட்டில் இளகும் தாள் நீடிக்கும். மேல் தாள் உரியவில்லை என்றால் ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வையுங்கள். சில்லைவிட ஒரு நூல் பெரிதாக வெட்டி ஒட்டி, கோரைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் திருகுகளையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். முதல் நாள் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். சில முறை சூடேறி ஆறிய பிறகுதான் அது படியும்.

மெமரிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வைக்கும் தெர்மல் பேடில்தான் அதிகம் கெடுகிறது. தடிமன் தெரியாமல் கைக்குக் கிடைத்த 2 மில்லிமீட்டர் பேடைப் போட்டால், அது ஹீட்சிங்கைத் தூக்கிப் பிடிக்கும். மெமரி குளிரும், கோர் கொதிக்கும். மெலிதாகப் போட்டால் மெமரிக்குத் தொடுகையே இருக்காது. ஒரே கார்டில் மெமரிக்கு ஒரு தடிமன், விஆர்எம்முக்கு (கோருக்கு மின்னழுத்தம் தரும் பகுதி) வேறொன்று இருக்கும். பழைய பேடில் அமுங்காத ஓரத்தைக் காலிப்பரால் அளந்து போடுங்கள். அளவு கிடைக்கவில்லை என்றால் தெர்மல் புட்டி போதும், அது தானே இடைவெளிக்கு ஏற்ப அமுங்கிக்கொள்ளும். திறப்பதற்கு முன் அந்த பிராண்டின் வாரண்டி விதியை வாடிக்கையாளருக்குப் படித்துக் காட்டுங்கள்.

வெளியூருக்குப் பார்சல் போடும்போது கார்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியிலேயே அனுப்புங்கள். இரண்டு கிலோவுக்கும் மேல் எடையுள்ள கார்டு ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு லாரியில் குலுங்கினால், ஸ்லாட் கொக்கி பிடிக்கும் மூலையில் பலகை விரிசல் விடும். அதைச் சரிசெய்வது கடினம், வாரண்டியிலும் ஏற்கமாட்டார்கள். மாட்டிய பிறகு அடியில் ஒரு தாங்கி.

கணினியோடு ஒரு தாள் வரட்டும். அதில் அறை வெப்பம், ஓட்டிய நேரம், கோர், மெமரி, இருந்தால் ஹாட்ஸ்பாட், ஃபேன் வேகம், வாட், வளைவில் வைத்த மின்னழுத்தமும் மெகாஹெர்ட்ஸும், எஸ்எம்பிஎஸ்-இன் பெயர். அண்டர்வோல்ட் வளைவை ஆஃப்டர்பர்னரின் முதல் இடத்திலும், ஓவர்கிளாக் கேட்டவருக்கு அதை இரண்டாம் இடத்திலும் சேமித்து, எது எப்போது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இது அரை நாள் வேலை என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கான கூலியை "சோதனைக் கட்டணம்" என்று பில்லில் தனி வரியாகவே போடுங்கள். கார்டுக்கு லட்சங்கள் கொடுப்பவர் அதையும் கொடுப்பார்.

அன்புடன்,
இந்தக் கார்டுகளைத் தினமும் கையாளும் சிலர்