சத்தமில்லாத கணினிக்கு முதலில் வாட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் குறைந்த செலவில் கேமிங் கணினி பூட்டுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகள் ஓயாமல் கேட்டு நச்சரிக்கிற விஷயத்தைத் தமிழ்ப் பத்திரிகை எழுதியதில் மகிழ்ச்சி. ஆனால் விலையும் வேகமும் பக்கம் முழுக்க இருக்க, சத்தத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: அமைதி வேண்டுவோர், திரவத்தை ஓட்டிச் சூட்டை இறக்குகிற லிக்விட் கூலர் வாங்கலாம் என்று. கெடாவில் பீடோங் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்த யோசனை ஒத்துவராது.

இங்கே பல வீடுகளில் இரண்டு அறை, ஒரு ஹால். அம்மா சுங்கைப் பட்டாணியில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவார். அப்பா பால்மரம் வெட்டுகிறவர் என்றால் இரவு ஒன்பதுக்கெல்லாம் படுத்துவிடுவார். மகனின் கணினி அதே ஹாலில்தான் இருக்கும். நான் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறவன்; வார இறுதியில் தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கணினி பூட்டித் தருவதும் உண்டு. பையன்கள் விநாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம், திரையில் வரும் என்று கேட்பார்கள். அவர்களின் அம்மாக்கள் கேட்பது, "தம்பி, இது ரொம்ப சத்தம் போடுமா?"

கணினி குடிக்கிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டைத் தள்ளத்தான் காத்தாடி சுற்றுகிறது. ஆகவே சத்தத்தைக் குறைக்க நினைப்பவர் கூலரில் தொடங்காமல் வாட்டில் தொடங்க வேண்டும். நமக்கு இது இன்னும் முக்கியம். இணையத்தில் பார்க்கிற சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் செய்தவை. தகரக் கூரை வீட்டில், ஏர்கான் இல்லாமல், மதியம் 33, 34 டிகிரி சாதாரணம். அறை பத்து டிகிரி கூடினால் உள்ளே இருக்கிற பாகமும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி கூடும். அதை இறக்கக் காத்தாடி வேகமெடுக்கும். அங்கே 'கிசுகிசு' என்று பாராட்டு வாங்கிய கார்டு இங்கே இரைவது இதனால்தான்.

விளையாட்டின் படங்களை வரைகிற கிராஃபிக் கார்டுதான் இதில் பெரிய ஆள். கடைகளில் இன்னும் மலிவாகக் கிடைக்கிற ஆர்எக்ஸ் 580, 2017-இல் வந்தது, 185 வாட். 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600 அதைவிட நன்றாக ஓடும், ஆனால் 132 வாட்தான். ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115. செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3070 நல்ல விலைக்கு வந்தால் பையன்களுக்குக் கை பரபரக்கும். 4060-ஐவிட அது வேகமானதும்தான். ஆனால் 220 வாட்டை அந்தச் சின்ன ஹாலில் கொட்டும். முழு பட்ஜெட்டே 2,500 வெள்ளி (ரிங்கிட்) என்று வருகிறவர்களுக்கு நான் 6600 அல்லது 4060-ஐத் தாண்டி எதையும் சொல்வதில்லை. 580-இல் 2048எஸ்பி என்று முடிகிற ஒரு வகை உண்டு. பெயர் ஒன்றுதான், சரக்கு குறைவு. அதைப் பார்த்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் இன்னொரு எச்சரிக்கை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்கிற டிஜிட்டல் நாணயத்தை கார்டு வைத்துத் தோண்டும் முறை முடிவுக்கு வந்ததும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் குவியலாகச் சந்தைக்கு வந்தன. சிப் நன்றாக இருக்கும், காத்தாடியின் பேரிங் தேய்ந்திருக்கும். வாங்குமுன் ஒரு விளையாட்டை ஓட்டச் சொல்லி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேளுங்கள். கரகரவென்று வந்தால் வேண்டாம்.

கணினியின் மூளையான ப்ராசசரில் பெரிய குழப்பம் இல்லை. ரைசன் 5 5600, அல்லது இன்டெல் ஐ5-12400எஃப். இரண்டும் 65 வாட் வகை. பெட்டியோடு வரும் கூலர் வேலை செய்யும்தான், ஆனால் சின்னது, இந்தச் சூட்டில் கத்தும். 120 மில்லிமீட்டர் காத்தாடி வைத்த சாதாரண டவர் கூலர் ஒன்று போதும். லிக்விட் கூலரில் ரேடியேட்டர் காத்தாடியும் இருக்கிறது, கூடவே பம்பும் ஓடுகிறது. 65 வாட் ப்ராசசருக்கு அதை வாங்குவது காசைக் கொடுத்து இன்னொரு சத்தத்தை வாங்குவது. அந்தப் பணத்தைக் கார்டில் போடலாம்.

மகன் விளையாடுவது வாலரண்ட், டோட்டா 2, ரோப்லாக்ஸ் மட்டும்தானா? அப்படியென்றால் ரைசன் 5 5600ஜி மாதிரி கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிற ப்ராசசரைப் போட்டு, தலா 8 ஜிபி ரேம் குச்சி இரண்டைப் பூட்டுங்கள். ஒற்றைக் குச்சி போட்டால் இதில் வேகம் பாதிக்கும். கார்டே இல்லை, கார்டின் சத்தமும் இல்லை.

கேசிங் விஷயத்தில் கடைக்காரர்களோடு எனக்கு எப்போதும் வாக்குவாதம். முன்பக்கம் கண்ணாடியால் அடைத்து, உள்ளே பஞ்சு ஒட்டி, 'சைலண்ட்' என்று விற்கிறார்கள். குளிர்நாட்டில் சரி. இங்கே சூடு உள்ளேயே தங்கி, காத்தாடி எல்லாம் முழு வேகத்தில் ஓடும். முன்பக்கம் வலை வைத்ததை வாங்கி, பெரிய காத்தாடிகளை மெதுவாகச் சுழல விடுங்கள். காத்தாடியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகக் கேட்கும். அதே மாதிரி இன்னொரு காத்தாடியைச் சேர்த்தால் ஏறுவதோ 3 டெசிபல்தான். ஒன்று வேகமாகச் சுற்றுவதைவிட இரண்டு மெதுவாகச் சுற்றுவது எவ்வளவோ மேல். வலை வழியாகச் செம்பனை லாரி கிளப்புகிற செம்மண் தூசி வரும், உண்மைதான். ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள், உள்ளே பிரஷ் போடும்போது காத்தாடியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பல்லி நுழைகிற ஓட்டை இருந்தால் அதையும் அடைத்துவிடுங்கள்.

காசு செலவில்லாத வேலையும் உண்டு. கணினியைத் திறக்கும்போது நுழையக்கூடிய பயாஸ் என்கிற அமைப்புப் பக்கத்தில், எந்தச் சூட்டுக்குக் காத்தாடி எவ்வளவு வேகம் என்று காட்டும் ஒரு வளைகோடு இருக்கும். கம்பெனி வைத்த கோடு நம் ஊர்ச் சூட்டுக்கு ஒத்துவராது. பிரவுசரைத் திறந்தாலே இரைந்து, உடனே அடங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் தூங்குகிறவரை எழுப்புகிறது, ஒரே சீரான சத்தம் அவ்வளவு உறுத்தாது. 65 டிகிரி வரை கோட்டைக் கிடையாக வைத்து, அதற்கு மேல் மெல்ல ஏறவிடுங்கள். வேகம் மாறுவதற்கான தாமதத்தையும் சில விநாடி கூட்டுங்கள். விளையாட்டில் ஃபிரேமுக்கு வரம்பு போடுங்கள். விநாடிக்கு 60 படம் மட்டுமே காட்டுகிற 60 ஹெர்ட்ஸ் திரையில் 200 ஃபிரேம் ஓட்டுவதால் சூடுதான் மிச்சம், சில கார்டுகளில் 'கீ...' என்று, உள்ளே இருக்கிற மின்சுருள் அதிர்கிற கீச்சலும் சேரும். போட்டிக்கு விளையாடுகிற பையன்கள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சரி, அவர்கள் அம்மா தூங்குகிற நேரத்துக்காவது வரம்பு வைக்கட்டும்.

மற்றவை சுருக்கமாக: சுற்றிச் சத்தம் போடுகிற ஹார்ட் டிஸ்க் வேண்டாம், சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போதும். பவர் சப்ளை 550 வாட், நல்ல பெயர் உள்ளது. கேசிங்கோடு இலவசமாக வருவதைத் தொடாதீர்கள். பவர் சப்ளையில் ஒட்டியிருக்கிற 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைத்தான் சொல்கிறது. அதைச் சத்தத்துக்கான சான்றிதழ் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். முழு நிசப்தம் தேடிப் பணத்தை இறைக்க அவசியமே இல்லை. எங்கள் வீடுகளில் மேலே கூரைக் காத்தாடி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. கணினியின் இரைச்சல் அதற்குக் கீழே இருந்தாலே யார் காதிலும் விழாது.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை வெளியிடும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் விலைக்குப் பக்கத்தில் வாட்டையும் அச்சிடுங்கள். ஏர்கான் இல்லாத அறையில் மதியம் ஓட்டிப் பார்த்து எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
பீடோங், கெடா.