மழை விடுமுறைக்கு என்ன பார்க்கலாம்?

ஆசிரியருக்கு,

மழைக்கு வீட்டில் முடங்கியவர்கள் 'விலங்கு' (2022) தொடரில் தொடங்கலாம். ஏழே பகுதிகள். காட்டில் கிடைத்த பிணத்தின் தலை காணாமல் போக, காவல் நிலையம் படும் பாடு அச்சு அசல்! அடுத்து 'சுழல்' முதல் பருவம், எட்டுப் பகுதிகள். மயானக் கொள்ளைத் திருவிழாவோடு கதை பின்னிப்போகும். இரண்டும் குழந்தைகளுக்கு ஆகாது. அவர்களுக்குக் 'காக்கா முட்டை' போதும்.

மொபைல் டேட்டாவில் எச்.டி. வைத்தால் மணிக்கு 3 ஜி.பி. வரை போகும், தினசரி 1.5 ஜி.பி. அரை மணியில் காலி. தரத்தைக் குறையுங்கள். கரண்ட் போவதற்குள் வைஃபையில் டவுன்லோடு செய்யுங்கள். சில செயலிகளில், பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் அது காலாவதியாகிவிடும். பாதியில் நிறுத்தாதீர்கள்.

– வாசகர், திருச்சி