சோளத்தட்டையும் தராசில் வையுங்கள்

வேளாண் ஆராய்ச்சியாளர்களுக்கும் இயற்கை விவசாய நண்பர்களுக்கும்,

வணக்கம். குண்டடம் பக்கம் ஐந்து ஏக்கர் மேட்டாங்காடு எனக்கு. புரட்டாசியில் மழை இறங்கினால் சோளம் விதைத்து, தையில் அறுப்போம். போன வருசம் ஒரு வயல்விழாவுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு துண்டில் மாட்டுக்குப்பை, பக்கத்துத் துண்டில் யூரியாவும் டிஏபியும். கருதை அடித்து எடை போட்டார்கள். உரம் போட்டதே மேல் என்று அரைமணி நேரத்தில் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். வரப்போரம் கிடந்த தட்டை, அதாவது கருது அறுத்த சோளத்தாளை, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காங்கேயம் மாடு கட்டியிருப்பவனுக்குத் தட்டுதான் முதல் வெள்ளாமை, தானியம் அப்புறம்தான். சித்திரையில் கொரங்காட்டு, அதாவது மேய்ச்சல் காட்டு, கொழுக்கட்டைப்புல் கருகிக் கிடக்கும்போது, காட்டுவீட்டுச் சாளை ஓரத்துத் தட்டுப்போர்தான் மாட்டுக்கு மேவு. அந்த மாட்டின் சாணிதான் திரும்பக் காட்டுக்குப் போகிறது. தட்டை விட்டுவிட்டுக் குப்பைக்கு மார்க் போட்டால் அது என்ன கணக்கு?

ஒரே பட்டத்து விளைச்சலை வைத்து முடிவு கட்டுவதும் சரியில்லை. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1843 முதல் ஒரே வயலில் குளிர்காலக் கோதுமை போட்டுப் பார்த்து வருகிறார்கள். தொழுவுரம் போட்ட பகுதி ரசாயன உரப் பகுதிக்கு ஈடாக விளைந்திருக்கிறது. இயற்கை நண்பர்களே, கைதட்டுமுன் அளவையும் கேளுங்கள்: வருசத்துக்கு ஹெக்டேருக்கு 35 டன், அதாவது ஏக்கருக்கு 14 டன். போதாததற்கு அந்த வயலின் பெரும்பகுதியில் களைக்கொல்லியும் உண்டு. நமக்குச் சிபாரிசு ஏக்கருக்கு 5 டன். என் எருக்குழி அந்தக் கணக்குக்கே இரண்டு ஏக்கர் தாண்டாது.

அவ்வளவு தூரம் போவானேன்? கோவையிலேயே 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை இருக்கிறது. அந்தக் கணக்கை ஏக்கருக்கு இவ்வளவு என்று, தட்டையும் சேர்த்து, எங்களுக்குப் புரியும் தமிழில் போட்டுக் கொடுங்கள்.

மழை பொய்த்த வருசத்தையும் சேருங்கள். ஈரமில்லாத மண்ணில் யூரியாவுக்குப் போட்ட காசு வீண். குப்பை அடுத்த மழைக்குக் காத்திருக்கும். வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்து மாடு விழுவது எங்களுக்குப் புதிதல்ல. தழைச்சத்து மிஞ்சினால் இளஞ்சோளத்தில் இருக்கும் அந்த நஞ்சும் ஏறும் என்கிறீர்கள். அதை ஏன் ஒப்பீட்டில் காணோம்?

வரும் புரட்டாசியிலிருந்து மூன்று வருசத்துக்கு என் காட்டில் அரை ஏக்கர் தருகிறேன். பெரிய தராசாகக் கொண்டுவாருங்கள். தட்டுக்கட்டுத் தூக்க ஆள் நான் பிடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
குண்டடம் பக்கத்து மானாவாரி விவசாயி