பாலாற்றுக் கதைகளும் ஒரு பித்தளை வில்லையும்

அன்புள்ள கோலார் தங்கவயல் சொந்தங்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூட ஹாலில் மூன்று நாள் நடந்த நம் ஊர் வரலாற்றுக் கண்காட்சி போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. கடன் கேட்ட பெஞ்சுகளும், நீங்கள் டிரங்குப் பெட்டிகளைத் திறந்து எடுத்துக் கொடுத்த பொருள்களும்தான் எங்கள் மொத்த மூலதனம். தனித்தனியாக வந்து நன்றி சொல்ல ஆசை, முடியவில்லை. அதனால் இந்த மடல்.

முதலில் பேத்தமங்கலத்து ராகி விவசாயிகளுக்கு. உங்களை அழைக்க வேண்டும் என்றே எங்களுக்கு முதலில் தோன்றவில்லை. சுரங்கம், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடு, வேலை நேரம் சொல்லும் சங்கு, தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடு, இவ்வளவுதான் நம் வரலாறு என்று நினைத்திருந்தோம். ஒரு மூட்டை ராகியும் பழைய ஏர்க்கலப்பையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தங்கம் தின்றா உயிர் வாழ்ந்தீர்கள்?" என்று கேட்டார் உங்களில் ஒரு பெரியவர். சரியான கேள்வி. இந்த ஊர் குடித்த தண்ணீரும் உங்கள் ஏரியிலிருந்துதானே வந்தது. பாலாறு அந்த ஏரியை நிரப்பிவிட்டுத்தான் வாணியம்பாடிப் பக்கம் இறங்குகிறது. பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி வட ஆற்காட்டிலிருந்து வந்த நம் பாட்டன்மார் பலர் அதே ஆற்றின் கீழ்க்கரைக்காரர்கள். சுரங்க வேலைக்கு வந்த பிறகும் பாலாற்றுத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறார்கள். பிறந்து வளர்ந்த ஊரில் இத்தனை வருஷம் இது எனக்கு உறைக்கவே இல்லை.

அப்புறம், சாம்பியன் ரீஃப் சுரங்கத்து லைனிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஐயாவுக்கு. இருமலோடு மூன்று நாளும் நின்று பிள்ளைகளிடம் பேசினீர்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம், ஒரே இறக்கத்தில் போக முடியாது, நடுவில் இறங்கி வேறு கேஜ், அதாவது ஆளை இறக்கும் கூண்டு, மாற வேண்டும், காது அடைத்துக்கொள்ளும், கீழே கை வைத்தால் பாறையே சுடும் என்று நீங்கள் சொல்லச் சொல்ல ஹாலில் சத்தமே இல்லை. உள்ளே பாறை வெடித்தால் மேலே வீட்டுப் பரணிலிருந்து பாத்திரம் உருளும் என்றீர்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "உலையை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்டுக்கு ஓடுவோம்" என்றது; ஷாஃப்ட் என்பது சுரங்கத்துக்குள் இறங்கும் குழி வாய். அந்தப் பாட்டிக்கும் நன்றி. அவர் சொன்ன அந்த ஒரு வரி எங்கள் பலகைகள் எதிலும் இல்லை.

பலகைகளில் எழுத உதவிய ஆசிரியருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். வெள்ளைக்காரன் வந்துதான் இங்கே தங்கத்தைக் கண்டுபிடித்தான் என்று நாங்கள் எழுதியிருந்ததை அடித்தீர்கள். 1802-இல் ஆங்கிலேயப் படை அதிகாரி ஜான் வாரன் வந்தபோதே உரிகம், மாரிகுப்பம் பக்கத்து கிராம மக்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை முதல் பலகையில் போட வைத்தீர்கள். மைக்கேல் லவேல் 1871-இல் தங்கம் தேடி மாட்டு வண்டியில் வந்ததும், இங்கிலாந்தின் ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் சுரங்க வேலையைக் கையிலெடுத்ததும், 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும் அதற்குப் பின்னால்தான். அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழ், அவர் மறைந்து பல வருஷம் கழித்து, 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு நம் ஊரிலிருந்தே மறுபடி வெளிவந்ததையும் நீங்கள்தான் சேர்த்தீர்கள். தட்டி வீட்டில் இருந்துகொண்டு பத்திரிகை படித்த மனிதர்களின் பேரப்பிள்ளைகள் நாம் என்பதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதிப் பலகை முன்னால் பலர் அழுதீர்கள். சுரங்கம் மூடிய அந்த நாளைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருந்தோம். கூட எழுத எங்களுக்கு மனசு வரவில்லை. விடியும் முன்னே ரயிலேறி பெங்களூருக்குப் போய், ராத்திரி திரும்பும் தம்பி தங்கைகள் சிலர், அந்தக் களைப்போடு வந்து பெஞ்சு தூக்கினீர்கள். உங்களுக்கு என் தனி நன்றி.

பொருள்களை அடுத்த சனிக்கிழமையிலிருந்து வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுக்கிறோம். ராகி மூட்டையைத் திருப்பி வாங்க மாட்டேன் என்று பெரியவர் சொல்லிவிட்டதால், அன்றைக்குப் பள்ளியிலேயே களி கிண்டுகிறோம். எல்லோரும் சாப்பிட வாருங்கள். மாரிகுப்பத்து அம்மா, உங்கள் வீட்டுக்காரரின் சுரங்க வேலை நம்பர் பொறித்த பித்தளை வில்லை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம் என்று சொன்னீர்கள். துடைக்கவில்லை அம்மா.

அன்புடன்,
கண்காட்சிக் குழு சார்பில், உங்கள் லைன் வீட்டுப் பிள்ளை